பொறுப்பு வந்த பிறகுதான் சுதந்திரமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்க் குளத்தில் இறைச்சிக் கழிவைச் சாக்கில் கட்டி இரவோடு இரவாகப் போட்டுவிட்டுப் போகிறார்கள். தட்டிக்கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள். பொறுப்பில்லாத மக்களுக்கு இவ்வளவு சுதந்திரம் எதற்கு, முதலில் கட்டுப்பாட்டைப் பழக்கிவிட்டு உரிமைகளைப் பிறகு கொடுத்திருக்கலாமே என்று தோன்றுகிறது. பேசி ஆவதொன்றுமில்லை என்பதால் கிராம சபைக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். தங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர், தோவாளை வட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது; அதிலிருந்து நீங்கள் எட்டும் முடிவைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. முதலில் தகுதி, பிறகு உரிமை என்பது முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த நம் குமரி மாவட்டத்துக்குப் புதிய வாதமன்று. திருவிதாங்கூர் ஆட்சியில் கூலியின்றி ஊழியம் செய்தவர்கள் கட்டுப்பாட்டில் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஏவிய வேலையைச் செய்தார்கள், விலகச் சொன்ன தூரத்தில் விலகி நின்றார்கள். அந்தப் பணிவைக் கண்டு மனமிரங்கி எந்த உரிமையும் அவர்களைத் தேடி வரவில்லை. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்ற 1859ஆம் ஆண்டு அரச அறிவிப்பு பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகே வந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்ற நிபந்தனை அதனுடன் ஒட்டிக்கொண்டிருந்தது.

இதற்கு நேர்மாறான வழியை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவாமித்தோப்பில் வாழ்ந்து சாதி ஒடுக்குமுறையை எதிர்த்த அய்யா வைகுண்டரிடம் காண்கிறோம். திருவிதாங்கூர் அரசரின் சிறையிலிருந்து அவர் மீண்ட பின், அவரைப் பின்பற்றியவர்கள் துவையல் தவசு இருந்தார்கள்: குளித்து, துணி துவைத்து, உணவில் கட்டுப்பாடு காத்து, கூடி வாழ்ந்தார்கள். சுவாமித்தோப்பின் முத்திரிக்கிணற்றில் சாதி பாராமல் எல்லோரும் நீர் எடுத்தார்கள். அந்த ஒழுக்கம் அரசரிடம் நற்சான்று பெறுவதற்காகப் பழகியதன்று; தங்களை எவருக்கும் அடிமையல்லர் என்று கருதத் தொடங்கியவர்கள் தாங்களே ஏற்றுக்கொண்ட ஒழுக்கம். கிணறு தம்முடையது என்றான பிறகே அதைத் தூய்மையாக வைத்திருக்கும் கடமையும் தம்முடையதாகிறது.

ஏரிகளையும் ஆறுகளையும் காப்பது குடிமகனின் கடமை என்று அரசியலமைப்பின் 51அ பிரிவு சொல்கிறது. அப்பிரிவு சேர்க்கப்பட்டது 1976இல், நெருக்கடி நிலையின்போது, எதிர்த்துப் பேசியவர்கள் சிறையில் இருந்த காலத்தில். கடமைகளின் பட்டியலில் எனக்குக் குறை ஏதும் தெரியவில்லை. உரிமைகளை முடக்கி வைத்த கைகளே அதை எழுதின என்பதைத்தான் மறக்க முடியவில்லை.

அப்படியானால் சாக்குடன் வருபவரை விட்டுவிடுவதா என்று கேட்பீர்கள். கூடாது. ஒருவர் தம் விருப்பத்தை ஊரார் மீது சுமத்த முடியாத நிலைதான் சுதந்திரம் என்றால், இரவில் குளத்தைக் கெடுப்பவர் ஊரின் சுதந்திரத்தையே பறிக்கிறார். ஆளுக்கொரு நீதி இல்லாமல் அவருக்கு அபராதம் விதிப்பதால் எவருடைய சுதந்திரமும் குறைந்துவிடாது. உங்கள் தீர்வோ குற்றம் செய்த ஒருவருக்காக ஊரார் அனைவரின் உரிமையையும் ஒத்திவைக்கச் சொல்கிறது. தகுதி வந்துவிட்டது என்று அறிவிக்கும் அதிகாரத்தை யாரிடம் கொடுப்பீர்கள்? எத்தனை பெரிய மனிதரானாலும் அவர் காலடியில் சுதந்திரத்தைச் சமர்ப்பிக்கலாகாது என்ற ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் எச்சரிக்கையை அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியலமைப்பு அவையில் நினைவூட்டினார்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது கிராம சபை பற்றிய வரிதான். கழிவு போடுபவர் குளத்தைக் கைவிட்டார். நீங்கள் குளத்தைப் பற்றிப் பேசும் இடத்தைக் கைவிட்டிருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்துக்குத் தனியாகப் போகாமல் குளத்தங்கரை வீட்டுக்காரர்கள் நான்கு பேரையாவது அழைத்துச் செல்லுங்கள். கழிவு எந்தக் கடைகளிலிருந்து வருகிறது, அதை அகற்ற ஊராட்சி செய்துள்ள ஏற்பாடு என்ன என்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானமாகப் பதிவேட்டில் எழுதச் செய்த பிறகு கையெழுத்திடுங்கள்.