முதல் வெட்டும் ஒரு ஏணியும்

கேள்வி: போன காற்றுக்கு எங்கள் காணியில் மூன்று வெள்ளைப் பைன் மரங்கள் சாய்ந்துவிட்டன. அடிப்பக்கம் 14 அங்குலம் வரும். என்னிடம் 18 அங்குல பார் (சங்கிலி ஓடும் தகடு) போட்ட 50 சிசி செயின்சோ இருக்கிறது. அலாஸ்கன் மில் (செயின்சோவைப் பூட்டிப் பலகை அரியும் சட்டம்) வாங்கிப் பூட்டி நானே பலகை அரியலாமா? தோட்டத்துக் கொட்டிலுக்குச் சுவர் அடிக்கத்தான்.
- வாசகர், பீற்றர்பரோ, ஒன்ராறியோ

பதில்: அரியலாம் தம்பி. வெள்ளைப் பைன் மென்மையான மரம், கை பழக நல்லது. ஆனால் உங்கள் வாளுக்கு 14 அங்குலம் பேராசை. மில் கவ்விய இடம் போக 18 அங்குல பாரில் 14 மிஞ்சினாலே பெரிய விஷயம், 50 சிசி எஞ்சினும் மூச்சு வாங்கும். நுனிப்பக்கத்து ஒன்பது, பத்து அங்குலத் துண்டுகளில் தொடங்குங்கள். எட்டடி நீளம் போதும்.

சங்கிலியையும் மாற்றவேண்டும். வாளோடு வருவது மரத்தைக் குறுக்கே துண்டாட. நீளவாக்கில் அரிவதற்குப் பல்லை 10 பாகையில் தீட்டிய ரிப்பிங் சங்கிலி தனியாக விற்கிறார்கள்.

இனி முதல் வெட்டு. உருண்டை மரத்தில் மில் சறுக்கிப்போக நேரான தளம் கிடையாது. அதற்குத்தான் மரத்தின் முதுகில் ஏணியையோ நேர்ப்பலகையையோ திருகாணி போட்டு இறுக்குவது. நான் முதன்முதலில் ஒரு பழைய ஏணியை இரண்டு முனையில் மட்டும் இறுக்கிவிட்டு, நடுவில் முட்டுக்கொடுக்காமல் அரிந்தேன். மில்லின் பாரத்தில் ஏணி நடுவில் தொய்ந்தது. தொய்ந்தது அரை அங்குலம்கூட இருக்காது. ஆனால் அடுத்த வெட்டு முந்தின வெட்டின் மேல்தானே ஓடுகிறது? எட்டுப் பலகையும் தோணிபோல வந்தன. என் மனைவி இன்றைக்கும் அவற்றை ‘கப்பல் பலகை’ என்றுதான் சொல்கிறார். ஆகவே நடுவில் ஆப்பு வைத்து, நூல் பிடித்துப் பார்த்துவிட்டு இறுக்குங்கள். ஏணி இரண்டு முனையிலும் ஓரடி வெளியே நீண்டிருக்கட்டும், மில் நுழையும்போதும் வெளியேறும்போதும் தலை குத்தாது. வாள் திருகாணியில் படாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சற்றுச் சரிவாகக் கிடத்தினால் வாள் தன் பாரத்திலேயே இறங்கும், தள்ளி முதுகை முறிக்கவேண்டாம். வெட்டிய வாய் மூடிக்கொள்ளாமல் பின்னால் சின்ன ஆப்புகள் செருகிக்கொண்டே போங்கள். தூள் மாப்போலப் பறந்தால் பல் மழுங்கிவிட்டது, நிறுத்தித் தீட்டுங்கள். வெட்டு முடிந்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு ஆறவிடுங்கள். காதுக்கும் கண்ணுக்கும் கவசம், காலுக்குச் செயின்சோ காற்சட்டை கட்டாயம். குனிந்தபடி புகையை முழுக்க நாம்தான் குடிக்கிறோம், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள்.

ஒவ்வொரு வெட்டும் எட்டில் மூன்று அங்குல மரத்தைத் தூளாக்கும். எட்டு வெட்டுக்கு மூன்று அங்குலம் போச்சு. கூலிக்கு அரியும் பட்டை வாள் (பாண்ட்சோ) மில் இதில் பாதியைக்கூடத் தின்னாது. மூன்று மரமும் லாரி போகும் இடத்தில் கிடந்தால் அதையும் யோசியுங்கள்.

கோடைக்கு முன் அரிந்துவிடுங்கள். வெயில் ஏறினால் பைனில் நீலம் பாயும். பலம் குறையாது, பார்க்கத்தான் அசிங்கம். அரிந்த அன்றே ஓரங்குலச் சட்டங்களை இரண்டடிக்கு ஒன்றாக, ஒன்றின் மேல் ஒன்று நேராக வரும்படி இடையில் வைத்து அடுக்குங்கள். பட்டையோடு வந்த முதல் துண்டுகளை எறியவேண்டாம். அடுக்கின் மேல் கூரையாகக் கவிழ்த்து, நாலு கல்லை ஏற்றிவிடுங்கள்.