முதலில் ஒரு தென்னை ஓலை

கேள்வி: அக்கா, நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம், ஒரு செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறோம். கணவருக்குச் செம்பனை ஆலையில் வேலை. எனக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. பள்ளி விடுமுறை தொடங்கியதிலிருந்து இருவரும் கைப்பேசியே கதி என்று கிடக்கிறார்கள். கைவேலை ஏதாவது செய்யலாம் என்று காணொளி பார்த்து, கிளிட்டர், குளூ கன், வண்ண அட்டை எல்லாம் வாங்கி வந்தேன். ஐம்பது ரிங்கிட்டுக்கு மேல் போய்விட்டது. மகன் ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடிவிட்டான். மகள், காணொளியில் வந்த மாதிரி வரவில்லை என்று அழுது, எல்லாவற்றையும் கிழித்துப் போட்டாள். "காசு கொடுத்துக் குப்பையை வாங்கிட்டு வருவாளா ஒருத்தி?" என்று மாமியார் கேட்டுவிட்டார். எனக்குக் கைவேலை சுட்டுப்போட்டாலும் வராது. அதிகச் செலவில்லாமல், சின்னப் பிள்ளைகளோடு வீட்டிலேயே செய்யக்கூடியது எதையாவது சொல்லுங்கள் அக்கா.
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

ஷிப்டு முடிந்து வந்து, சமைத்து, துணி துவைத்து, அதற்குப் பிறகும் பிள்ளைகளோடு தரையில் உட்கார வேண்டும் என்று நினைத்தீர்கள் பாருங்கள், அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. "சுட்டுப்போட்டாலும் வராது" என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள். முறுக்குப் பிழிகிற கைக்கும், மகளுக்குச் சடை பின்னுகிற கைக்கும் கைவேலை எப்படி வராமல் போகும்?

அந்தக் காணொளிகளில் வருவதெல்லாம் பெரியவர்கள் செய்து முடிக்கிற அலங்காரப் பொருள்கள். குளூ கன்னை நான்கு வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்க முடியாது, சுட்டுவிடும். அப்போது அவனுக்கு அங்கே என்ன வேலை? அம்மா ஒட்டுவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அவன் ஐந்து நிமிடம் உட்கார்ந்ததே அதிகம். மகளின் அழுகைக்கும் காரணம் அங்கேயேதான் இருக்கிறது. முடிந்த பொருளை முதலிலேயே காட்டிவிட்டோமானால், பிள்ளை தன் கையில் இருப்பதை அதோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். அதனால் காணொளியை மூடி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். செய்து முடித்ததும் அதை ஊதவோ, உருட்டவோ, போட்டுக்கொண்டு நடக்கவோ முடிய வேண்டும். பிள்ளைக்கு வேண்டியது விளையாட்டுச் சாமான். சுவரில் மாட்டி அழகு பார்ப்பது நம்முடைய ஆசை.

நான் பாலர் பள்ளியில் இருந்த காலத்தில், ஒரு சிறுமி தீபாவளி வாழ்த்தட்டையில் கோலம் போட்டாள். புள்ளிகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன. பெற்றோர் வந்து பார்ப்பார்களே என்று நான் அதை அழித்து, நேராகப் போட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளும் அட்டையை வீட்டுக்குக் கொண்டு போனார்கள். அவளுடையது மட்டும் மேசையிலேயே கிடந்தது. "நீங்க செஞ்சது டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து பிள்ளைகள் செய்வதில் நான் கைவைப்பதே இல்லை. கோணலாக இருந்தால் இருக்கட்டும், விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் மாமியாருக்கு வருகிறேன். அவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவராக இருந்தால், உங்களுக்கு நல்ல குரு வீட்டிலேயே இருக்கிறார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வளர்ந்த தலைமுறைக்கு யாரும் விளையாட்டுச் சாமான் வாங்கித் தந்ததில்லை. அம்மாவும் அப்பாவும் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் இருக்கும். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் வாசலில் கிடைத்ததை வைத்து விளையாடுவார்கள். நானும் அப்படி வளர்ந்தவள்தான். ரப்பர் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி, பக்கத்தில் இருப்பவள் தொடையில் வைத்து அலற விட்டிருக்கிறோம். காசு கொடுத்து வாங்கியதைத்தான் அத்தை குப்பை என்றார். அவரிடமே போய், "அத்தை, பிள்ளைகளுக்கு ஓலையில் பீப்பீ செஞ்சு காட்டுறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

தென்னை ஓலை இளசாக, வெளிர்ப்பச்சையாக இருந்தால் நன்றாக மடியும். செம்பனை மட்டையின் அடியில் முள் இருக்கிறது, அதைப் பிள்ளைகள் பக்கம் கொண்டு வராதீர்கள். பீப்பீக்கு ஓலையில் ஓர் இலையை எடுத்து, நடு ஈர்க்கை உரித்துவிடுங்கள். குறுகலான முனையிலிருந்து, ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறுகிறாற்போல் சாய்வாகச் சுற்றிக்கொண்டே வந்தால் புனல் போல விரியும். அகன்ற முனை பிரியாமல் இருக்க ஒரு துண்டு ஈர்க்கைக் குத்திவிடுங்கள். ஊதுகிற முனையில், இரண்டாக மடித்த சின்ன ஓலைத் துண்டைச் செருகி, லேசாக நசுக்கிவிட்டால் சத்தம் வரும். முதல் பீப்பீ பெரும்பாலும் ஊதாது. நசுக்கிய இடத்தைக் கொஞ்சம் திருத்திப் பார்க்க வேண்டும். மகனுக்கு இன்னும் சுலபமாக வேண்டுமென்றால் ஓலைக் கைக்கடிகாரம் இருக்கிறது, காற்றாடி இருக்கிறது. ஓலைப் பந்து பின்னுவதை மகளுக்கு விட்டுவிடுங்கள், ஏழு வயதுக் கைக்குச் சரியான வேலை. அது கைக்கு வந்துவிட்டால், பெருநாளுக்கு மலாய்க்காரர் வீடுகளில் சோறு வேகவைக்கப் பின்னுகிற கெத்துப்பாட் ஓலைக் கூட்டையும் அவள் கற்றுக்கொள்வாள். பக்கத்து வீட்டு மாக்சிக்கு (மலாய் அம்மாவுக்கு) பின்னத் தெரிந்தால், மகளை அங்கே அனுப்பிவையுங்கள்.

அடுத்தது கொட்டாங்கச்சி. சட்னிக்குத் துருவிய தேங்காயின் இரண்டு பாதிகளையும் தூக்கிப் போடாமல் வையுங்கள். ஓரத்தை உங்கள் கணவர் மணற்காகிதத்தால் தேய்த்து, நடுவில் ஓர் ஓட்டை போட்டுக் கொடுக்கட்டும். கயிற்றை உள்ளே விட்டு, அடியில் முடிச்சுப் போட்டு, இரண்டையும் கவிழ்த்து வைத்தால் நடைக்கட்டை தயார். கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கயிற்றை இடுக்கி, கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு டக்டக்கென்று நடக்கலாம். மகன் விழாமல் நடக்கக் கற்றுக்கொள்ளவே இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் கைப்பேசி அவன் நினைவுக்கு வருவது கொஞ்சம் கஷ்டம். புல்தரையில் நடக்க விடுங்கள், வழுக்குகிற டைல்ஸ் தரை வேண்டாம்.

மழை பெய்கிற சாயங்காலத்துக்கு மாவு. ஒரு கப் கோதுமை மாவு, அரை கப் உப்பு, ஒரு கப் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறுங்கள். சட்டியில் ஒட்டாமல் உருண்டு வந்ததும் இறக்கி, கை பொறுக்கிற சூட்டில் பிசையுங்கள். பிசைகிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், அதுதான் அவர்களுக்குப் பிடித்த பகுதி. மூடி போட்ட டப்பாவில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் இருக்கும். உப்பு நிறைய சேர்ந்திருப்பதால் மகன் அதைத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறத்துக்குக் கடைக்குப் போக வேண்டாம். மஞ்சள்தூள் மஞ்சள் தரும், பாண்டான் இலையை அரைத்துப் பிழிந்தால் பச்சை. வேலியில் சங்குப்பூ படர்ந்திருந்தால், பத்துப் பூவைச் சுடுதண்ணீரில் போட்டால் நல்ல நீலம். ஆனால் எலுமிச்சைச் சாறு சேர்த்த மாவில் அந்த நீலம் ஊதாவாகிவிடும். புளிப்பு பட்டால் சங்குப்பூச் சாயம் நிறம் மாறும், அதன் குணம் அப்படி. நீலமே வேண்டுமென்றால் சாறு சேர்க்காதீர்கள். ஒரு கிண்ணத்தில் நீலத் தண்ணீரை வைத்து, பிள்ளைகளின் கையாலேயே எலுமிச்சையைப் பிழிய விடுங்கள். நிறம் மாறுகிற அந்த நொடியில் மகனின் முகத்தைப் பாருங்கள்.

இதைப் போலவே இன்னொன்று, மகளுக்கு நிச்சயம் பிடிக்கும். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை அரை கப் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, வெள்ளைத்தாளில் பூசிக் காய வையுங்கள். வேறொரு கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி ஆப்பச் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, பஞ்சுக்குச்சியால் தொட்டு அந்தத் தாளில் எழுதச் சொல்லுங்கள். நிறமே இல்லாத தண்ணீர், எழுத்து மட்டும் செம்பழுப்பாக வரும். அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைத் தடவினால் மறுபடி மஞ்சளாகிவிடும். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்ததும் சிவக்கிறதே, இதுவும் அதே வேலைதான். அத்தை ஆரத்தி கரைக்கும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். விளையாட்டுக்கு மட்டும் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். சோடா போதும்.

ஒட்டுவதற்குப் பசையும் வீட்டிலேயே ஆகும். இரண்டு மேசைக்கரண்டி மாவை ஒரு கப் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி ஆற வைத்தால் காகிதம், அட்டை எல்லாம் ஒட்டும். மறுநாளே புளித்துவிடும், அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள். புழு வராமல் இருக்க அந்தக் காலத்தில் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கூடாது.

இந்தப் பசையை வைத்து ஒரு பல்லாங்குழி செய்யலாம். முப்பது முட்டை அட்டையில் ஒரு வரிசைக்கு ஆறு குழி இருக்கும். முட்டை உடையாத, கறைபடாத அட்டையாகப் பார்த்து, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். இரண்டு வரிசையை வெட்டி எடுத்து, வரிசைக்கு ஒரு குழியைக் கூடுதலாக ஒட்டினால் ஏழேழு பதினான்கு. இரண்டு முனையிலும் ஒவ்வொரு கிண்ணம் வைத்துவிட்டால் அதுவே மலாய்க்காரர்களின் சொங்காக். மகள் தமிழ்ப்பள்ளித் தோழியோடு ஒன்றும், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு இன்னொன்றும் ஆடலாம்.

காய்க்கு மட்டும் கவனம் வேண்டும், தங்கை. சாகா மரத்தடியில் உதிர்ந்து கிடக்கிற, முழுதும் சிவப்பாக இருக்கிற விதை மஞ்சாடி. கொடியில் காய்க்கிற, சிவப்பில் கறுப்புக் கண் வைத்த விதை குன்றிமணி. பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பொறுக்குகிறார்கள். குன்றிமணி கொடிய விஷம். அதைக் கடித்தோ உடைத்தோ விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கறுப்புக் கண் இருந்தால் தொடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பச்சை ரப்பர் கொட்டையிலும் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது, வாயில் வைக்கக் கூடாது. உங்கள் மகனுக்கு வாயில் போடும் பழக்கம் இன்னும் விடவில்லை என்றால், விதையே வேண்டாம். பாட்டில் மூடிகளை வைத்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஆடட்டும்.

கடைசியாகச் சொல்லப்போவது என் மனசுக்கு மிகவும் பிடித்தது. உங்கள் பக்கம் ரப்பர் மரம் எங்காவது மிச்சம் இருந்தால், முற்றின, ஓட்டை விழாத இலைகளாக இருபது பறித்து வாருங்கள். ஒரு வாளித் தண்ணீரில் ஊற வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் இலையின் சதை அழுகிப் போகும். நாற்றம் அடிக்கும், அதனால் வாளி வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கட்டும். வாரம் ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். பிறகு குழாய்த் தண்ணீரில் காட்டி, பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்தால் சதை கழன்று, நரம்பு மட்டும் வலைபோல மிஞ்சும். பழைய நாளிதழுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காய வைத்தால் புத்தகத்தில் அடையாளம் வைக்கலாம், சாயம் ஏற்றிப் பூவாகக் கட்டலாம். தாத்தா பாட்டி பால் வெட்டிய மரத்தின் இலையை இவ்வளவு நெருக்கத்தில் பிள்ளைகள் வேறு எப்போது பார்க்கப் போகிறார்கள்? அந்த வாளியை மட்டும் மெல்லிய துணியால் இறுக்கக் கட்டி மூடிவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஏழெட்டு நாள் போதும். கொட்டாங்கச்சியையும் மைலோ டின்னையும் இதே காரணத்துக்காக மழையில் போட்டு வைக்காதீர்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு கணவருக்கும் உங்களுக்கும் சேர்ந்து ஓய்வு கிடைத்தால், பக்கத்திலேயே இருக்கிற கோலாகங்சாருக்குப் போய் வாருங்கள். 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் சாயோங்கில், சுரைக்காய் வடிவத்தில் லாபு சாயோங் என்ற தண்ணீர்க் கூஜா செய்கிறார்கள். சுட்ட சூட்டோடு நெல் உமியில் போட்டுத்தான் அந்தக் கறுப்பு நிறத்தை ஏற்றுகிறார்கள். மண்ணில் கை வைத்துப் பார்க்கப் பிள்ளைகளை விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

இத்தனையையும் ஒரே விடுமுறையில் செய்ய நினைக்காதீர்கள். உங்களுக்கு ஷிப்டு இல்லாத நாளில் அரை மணி நேரம், அவ்வளவுதான். மகன் பத்து நிமிடத்தில் எழுந்து போனால் போகட்டும், நான்கு வயதுக்கு அது சரியான அளவு. நீங்களும் மகளும் தொடர்ந்து செய்துகொண்டிருங்கள், சத்தம் கேட்டால் தானே திரும்பி வருவான். தரையில் பழைய படுதா ஒன்றை விரித்து, அதற்குள்ளேதான் எல்லாம் என்று சொல்லிவிடுங்கள். முடிந்ததும் நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கிக் கொல்லையில் உதறினால் குப்பை போய்விடும், அத்தைக்கும் மனக்குறை இருக்காது. வாங்கின வண்ண அட்டை இருக்கட்டும், தீபாவளி வாழ்த்துக்கு ஆகும். குளூ கன்னை மட்டும் எட்டாத இடத்தில் எடுத்து வையுங்கள்.

ரப்பர் இலையை மட்டும் இந்த வாரமே ஊறப் போட்டுவிடுங்கள், அதற்குத்தான் நாள் பிடிக்கும். அத்தையின் பீப்பீ முதல் தடவையே ஊதியதா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா