ஒரே நாளில் வீடு திரும்பும் சிகிச்சை: பணம் போடுமுன் பார்க்க வேண்டியவை

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். கண்புரை, மூலம், ஹெர்னியா எல்லாம் இப்போது காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பும் ஆபரேஷன்களாகிவிட்டன. இனி பெரிய மருத்துவமனைகளுக்கு வேலை குறையும், டே கேர் மையங்களின் காலம் இது என்கிறார்கள். 5 லட்சம் ரூபாயை இந்தத் துறையில் எப்படிப் போடுவது?

பதில்: போக்கு உண்மைதான். ஆனால் நோயாளி இடம் மாறினால் லாபமும் பின்னாலேயே போகும் என்று கணக்குப் போடாதீர்கள். பில்லை யார் கட்டுகிறார்கள் என்பதுதான் இதில் முக்கியம்.

அமெரிக்காவில் மூத்த குடிமக்களின் பில்லில் பெரும்பங்கை மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு கட்டுகிறது. எந்த ஆபரேஷனை எங்கே செய்தால் பணம் தரப்படும் என்பதற்கு அது பட்டியலே வைத்திருக்கிறது. முழங்கால் மூட்டு மாற்று, ‘உள்நோயாளிக்கு மட்டும்’ என்ற பட்டியலிலிருந்து 2018-ல் நீக்கப்பட்டது. 2020 முதல் தனி ஆபரேஷன் மையங்களிலும் செய்துகொள்ளலாம் என்றானது. அந்த மையங்களுக்குக் கிடைப்பது மருத்துவமனைக்குத் தருவதைவிடக் குறைந்த தொகை. பட்டியல் மாறினால் அங்கே சந்தையே மாறும். நம் ஊரில் அப்படி ஒரே ஒரு கை பணம் கட்டுவதில்லை. புறநோயாளிச் செலவில் பெரும்பகுதி இன்னமும் நோயாளியின் சட்டைப்பையிலிருந்துதான் போகிறது. அமெரிக்கக் கதையைக் காட்டி இங்கே பங்கு விற்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

பங்கு வாங்கத் தோன்றினால் அந்த நிறுவனம் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கையில் இரண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள். ஒன்று, நோயாளி இருக்கும் ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்குக் கிடைக்கும் சராசரி வருமானம். ‘ஆர்பாப்’ என்று போட்டிருப்பார்கள். இன்னொன்று, நோயாளி சராசரியாக எத்தனை நாள் தங்குகிறார் என்பது. முதல் எண் ஏறியதும் ‘வளர்ச்சி’ என்று தலைப்புப் போட்டுவிடுவார்கள். ஓர் எடுத்துக்காட்டு: 4 நாள் தங்கி 1,20,000 ரூபாய் கட்டியவர், இப்போது 3 நாளில் 1,05,000 கட்டிவிட்டுப் போகிறார். ஒரு நாள் வருமானம் 30,000-லிருந்து 35,000 ஆகிவிட்டது, ஏறத்தாழ 17 சதவீத உயர்வு. ஆனால் அந்த நோயாளியிடமிருந்து வந்த பணம் 12.5 சதவீதம் குறைந்திருக்கிறது. காலியான அந்த ஒரு நாளுக்கு வேறு நோயாளி வந்தால்தான் மருத்துவமனைக்கு லாபம். எனவே படுக்கை நிரம்பும் சதவீதத்தையும் பாருங்கள். ஆர்பாப் கணக்கில் புறநோயாளி வருமானத்தைச் சேர்த்திருக்கிறார்களா என்பது அடிக்குறிப்பில் இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். இதைப் பார்க்காமல் இரண்டு நிறுவனங்களை ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

ஒரே துறை மையங்கள் வேறு வகை. 2025 பிப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்த டாக்டர் அகர்வால்ஸ் ஹெல்த் கேர் போன்ற கண் மருத்துவச் சங்கிலிகளில் படுக்கைக் கணக்கு கிடையாது. ஒரு மையத்துக்கு எத்தனை ஆபரேஷன், பழைய மையங்கள் மட்டும் எவ்வளவு வளர்ந்தன, புது மையம் எத்தனை மாதத்தில் சொந்தக் காலில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மொத்த வருமானம் புதுக் கிளை திறப்பதாலேயே ஏறிவிடும், அதை நம்பாதீர்கள்.

தனிப் பங்குகளை இப்படித் தொடர்ந்து கவனிக்க முடியாதென்றால் ஃபார்மா மற்றும் ஹெல்த்கேர் மியூச்சுவல் ஃபண்டுகள் இருக்கின்றன. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி அவை குறைந்தது 80 சதவீதத்தை அந்தத் துறையில் போட வேண்டும். ஆனால் ஃபண்டு எந்தப் பங்குகளை வைத்திருக்கிறது என்ற மாதாந்திரப் பட்டியலைத் திறந்தால் பெரும்பாலும் மாத்திரை தயாரிக்கும் நிறுவனங்கள்தான் மேலே இருக்கும். மருத்துவமனையும் பரிசோதனைக் கூடமும் எத்தனை சதவீதம் என்று கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீத வரி. ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவீதம். ஓய்வுக்காலப் பணம் என்பதால் மொத்தச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே துறையில் வேண்டாம். அந்த 5 லட்சம்தான் மொத்தமும் என்றால், இப்போதைக்கு 50,000 போதும்.

கேள்வி: செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மச்சானுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் ஐந்து ரோடு பக்கம் ஒரு நாள் கண் ஆபரேஷன் மையம் தொடங்குகிறாராம். ஆளுக்கு 10 லட்சம், பத்துப் பேர். மாதம் 2 சதவீதம் உறுதி என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதித் தருகிறாராம். சேரலாமா?

பதில்: இந்த நிபந்தனையில் வேண்டாம். தொழிலில் பங்கு என்றால் வருமானம் ஏறும், இறங்கும். மாதம் இவ்வளவு உறுதி என்றால் அது வட்டி. நீங்கள் கொடுப்பது டெபாசிட். அனுமதியில்லாமல் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதை 2019-ம் ஆண்டு மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. முதலீட்டாளர் பாதுகாப்புக்குத் தமிழகத்தில் 1997 முதலே தனிச் சட்டம் உண்டு. புகாரைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு விசாரிக்கும், ஆனால் பணம் திரும்பி வர ஆண்டுக்கணக்காகும்.

டாக்டர் நல்லவராகவே இருக்கட்டும். கணக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஆபரேஷனுக்கு 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சர்ஜன் 8,000, லென்ஸ், மருந்து, ஒருமுறை பயன்படுத்தும் பொருட்கள் 7,000. மிச்சம் 10,000. வாடகை, சம்பளம், மின்சாரம், இயந்திரத் தவணை எல்லாம் சேர்த்து மாதம் 6 லட்சம் என்றால், 60 ஆபரேஷன் செய்தால்தான் கையைக் கடிக்காது. உங்கள் பத்துப் பேரின் 1 கோடிக்கு 2 சதவீதம், மாதம் 2 லட்சம். அதற்கு இன்னும் 20. ஆக 80 ஆபரேஷன் ஆன பிறகே டாக்டர் தனக்கென ஒரு ரூபாய் பார்ப்பார். புது மையம் முதல் மாதமே 80 செய்யாது. காப்பீட்டு நிறுவனமே நேரடியாகப் பில் கட்டும் ‘கேஷ்லெஸ்’ பட்டியலில் இடம்பிடிக்கவே மாதங்கள் போகும். அறக்கட்டளை கண் மருத்துவமனைகள் கிராமம் கிராமமாக முகாம் போட்டு இலவசமாகவே செய்கின்றன. அப்படியிருக்க, முதல் மாதத்து 2 சதவீதம் எங்கிருந்து வரும்? உங்களுக்குப் பிறகு சேர்ந்தவர் கொடுத்த பணத்திலிருந்துதான்.

இன்னொன்று, ஒரே நாளில் வீடு திரும்பும் வசதி பக்கத்தில் வீடு இருப்பவருக்குத்தான். ஆத்தூரிலிருந்தும் மேட்டூரிலிருந்தும் கட்டுப்போட்ட கண்ணோடு பஸ் ஏறி, மறுநாள் காலை பரிசோதனைக்குத் திரும்பி வர எத்தனை பேர் தயார்? திட்ட அறிக்கையில் ‘சுற்றுவட்டாரம் 60 கிலோமீட்டர்’ என்று இருந்தால் அதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். ‘பரிந்துரைக் கமிஷன்’ என்று ஒரு செலவு வரி தென்பட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறைகள் தடுத்திருக்கின்றன.

உறுதி வட்டியை விட்டுவிட்டு, முறையான பங்காகத் தருவதாகச் சொன்னால் பேசலாம். தனியார் கம்பெனி என்றால், உங்கள் பெயருக்கே எழுதிய பங்கு விற்பனைக் கடிதம் வேண்டும். பணம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும், ரொக்கம் கூடாது. 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். தவறினால் அடுத்த 15 நாளில் திருப்பித் தர வேண்டும், அதுவும் தவறினால் 12 சதவீத வட்டியோடு. சாதாரணக் கூட்டாண்மை என்றால் கடனுக்கு உங்கள் பட்டறையும் பொறுப்பு, அதில் கையெழுத்துப் போடாதீர்கள். மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தின் பதிவுச் சான்று, மருத்துவக் கழிவுக்கான மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, இயந்திர பில் யார் பெயரில் இருக்கிறது, அதன்மேல் வங்கிக் கடன் உண்டா என்பதையும் கேளுங்கள். ஒரே சர்ஜனை நம்பிய மையமானால் அவர் எத்தனை ஆண்டு இருப்பார் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். அவர் விலகினால் மிஞ்சுவது பழைய இயந்திர விலைதான்.

கேள்வி: ஏற்காட்டில் சாலையோரம் கட்டடம் இருக்கிறது. இதே போன்ற மையத்துக்கு விடலாமா?

பதில்: ஆபரேஷன் மையத்துக்கு மலை தோதுப்படாது. சிக்கல் வந்தால் கொண்டை ஊசி வளைவுகளில் 30 கிலோமீட்டர் இறங்க வேண்டும். விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்தவர்களை, அது கரையும்வரை 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறவே விடக்கூடாது. காற்றழுத்தம் குறைய, வாயு விரிந்து கண் அழுத்தம் ஏறி, பார்வைக்கே ஆபத்தாகும். ரத்த மாதிரி சேகரிப்பு, பிசியோதெரபி, மருந்துக்கடை ஆகியவற்றுக்கு விடுங்கள். வருமானப் பங்கு வேண்டாம், நிலையான வாடகையாகப் பேசுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்துவிடுங்கள். மருத்துவக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதால், வண்டி மலைக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சூரமங்கலம். ஸ்கேனுக்காக என் மனைவியை ஒரு இரவு அட்மிட் செய்தார்கள். காப்பீடு மறுத்துவிட்டது. புறநோயாளிச் செலவுக்குப் பாலிசியோடு தனியாகக் கூடுதல் காப்பீடு வாங்கலாமா?

பதில்: பரிசோதனைக்காக மட்டும் சேர்ந்தால் பணம் தரமாட்டார்கள், ஏறக்குறைய எல்லா பாலிசியிலும் உள்ள விலக்கு அது. டே கேர் என்பது வேறு. முன்பு 24 மணி நேரத்துக்கு மேல் தங்க வேண்டியிருந்து, இப்போது மயக்க மருந்து கொடுத்து அதற்குள் முடிகிற சிகிச்சைக்குத்தான் அது. கண்ணுக்குள் போடும் ஊசி, வாய்வழிப் புற்றுநோய் மருந்து போன்ற நவீன சிகிச்சைகளை முழுவதுமாக விலக்கக் கூடாது, ஆனால் உச்சவரம்பு வைக்கலாம். உங்கள் பாலிசியில் அந்தத் தொகை எவ்வளவு என்று தேடுங்கள். புறநோயாளிச் செலவுக்கான கூடுதல் காப்பீடு பெரும்பாலும் சின்ன வரம்புக்குப் பெரிய பிரீமியம் என்கிற கதைதான், வேண்டாம். அட்மிட் செய்த இரவில் ட்ரிப்ஸோ ஊசியோ சிகிச்சையாகவே கொடுத்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியோடு நிறுவனத்துக்கு மறுபடி எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ திருப்தி இல்லையென்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் இல்லை.