மழைக்கு முன் ஃப்ளூ ஊசி: சிஸ்டர் பதில் சொல்றாங்க

வண்டிப்பெரியார் (கேரளம், இடுக்கி மலை): சிஸ்டர், அம்மாவுக்கு 67 வயசு, சுகர் இருக்கு. ஃப்ளூ ஊசி போடலாமா?

கட்டாயம் போடுங்க. வயசானவங்க, சுகர், ஆஸ்துமா, இருதயக் கோளாறு உள்ளவங்களுக்குத்தான் இந்தக் காய்ச்சல் நிமோனியா வரைக்கும் போகுது. போட்டா ஃப்ளூவே வராதுன்னு சொல்ல மாட்டேன். கிருமியோட ஊசி நல்லாப் பொருந்துற வருஷத்துல ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்கிற ஃப்ளூ 40 முதல் 60 சதவீதம் குறையுது. பலன் கிடைக்க 2 வாரம் ஆகும். வருஷா வருஷம் போடணும்.

குமுளி: போட்டா காய்ச்சல் வருமாமே?

ஊசியில இருக்கிறது செயலிழந்த வைரஸ், அதால ஃப்ளூ வராது. கை வலி, லேசான சூடு ஒண்ணு ரெண்டு நாள் இருக்கும்.

கம்பம்: நாலு மாசம் முழுகாம இருக்கேன்.

எந்த மாசத்துலயும் போடலாம்மா. 6 மாசம் ஆகாத பிள்ளைக்கு இந்த ஊசி கிடையாது. நீங்க போட்டுக்கிறதுதான் பிள்ளைக்கும் காப்பு.

ஏலப்பாறை: பையனுக்கு 5 வயசு, முதல் தடவை.

4 வாரம் இடைவெளி விட்டு 2 டோஸ்.

கூடலூர் (தமிழ்நாடு, தேனிப் பக்கம்): அமெரிக்காவுல இருக்கிற மக அக்டோபர்ல போடச் சொல்லுது.

வண்டிப்பெரியார்: அண்ணே, இங்க ஜூன்லயே மழை கொட்டும். அக்டோபர் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?

கூடலூர்: எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசியிலதானப்பா!

ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. கேரளத்துல ஃப்ளூ தென்மேற்கு மழையோட ஏறுது. சென்னை, வேலூர்ப் பக்கம் வடகிழக்கு மழையோட. மக இருக்கிற ஊர்ல குளிர்காலம்தான் ஃப்ளூ காலம், அதனால அங்க அக்டோபர் சரி. ஊசியில எந்த வகை வைரஸ் சேர்க்கணும்னு உலக சுகாதார நிறுவனம் பூமியோட வடக்குப் பாதிக்குப் பிப்ரவரியிலும் தெற்குப் பாதிக்குச் செப்டம்பரிலும் சொல்லுது. பெட்டியில எந்தப் பாதி, எந்த வருஷம்னு அச்சடிச்சிருக்கும். படிச்சுப் பார்த்துட்டுக் கையை நீட்டுங்க. வண்டிப்பெரியார்க்காரங்க மே மாசத்துக்குள்ள போடுங்க. கூடலூர் அண்ணே, வேலைக்கு தினமும் மலையேறி வர்றீங்கன்னா நீங்களும் மேயிலயே.

பீர்மேடு: போன வருஷம் போட்டும் காய்ச்சல் வந்துச்சு.

மழைக்காலத்துக் காய்ச்சல் எல்லாம் ஃப்ளூ இல்ல. கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சேத்துல தண்ணியில நின்ன வேலை, இதெல்லாம் சேர்ந்தா எலிக்காய்ச்சலா இருக்கலாம். டெங்குவும் இருக்கு. அன்னைக்கே ரத்தம் பார்க்கணும். ஆன்டிபயாடிக் நீங்களா வாங்கி முழுங்காதீங்க.

குமுளி (இன்னொருத்தர்): ஊசி போட்டா காய்ச்சல் வருமா?

மேல சொல்லிட்டேன், படிங்க.

வல்லக்கடவு: ரெண்டு நாளா உடம்பு வலி, இருமல். ஆன்டிபயாடிக் எது நல்லது?

எதுவும் இல்ல! ஃப்ளூ வைரஸுக்கு அது வேலை செய்யாது. ஒசெல்டாமிவிர்னு ஃப்ளூவுக்கே ஒரு மருந்து இருக்கு, முதல் 48 மணி நேரத்துல தொடங்கினாத்தான் நல்ல பலன், அதையும் டாக்டர்தான் எழுதணும். மூச்சு வாங்குதா? இப்பவே கிளம்புங்க.