பிரேக்கர், ஐசோலேட்டர் இரண்டையும் திறந்த பிறகும் எர்த் சுவிட்ச் எதற்கு?

நீங்கள் டிப்ளமோ முடித்துப் புதிதாகத் துணைமின் நிலைய யார்டில் இறங்கியவர் என்று நினைக்கிறேன். 'லைன்தான் டெட் ஆகிவிட்டதே, அப்புறம் எர்த் எதற்கு' என்று கேட்டிருக்கிறீர்கள். விவரம் தெரிந்த அதிகாரிகளே அவசரத்தில் இதையே கேட்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். பிரேக்கரும் ஐசோலேட்டரும் லைனைச் சப்ளையிலிருந்து பிரிக்கும்; எர்த் சுவிட்ச் அதைத் தரையோடு இணைக்கும்.

ஐசோலேட்டரைத் திறந்தால் நம் பக்க சப்ளைதான் அறுபடும். அதே டவரில் பக்கத்து சர்க்யூட் 230 கே.வி.யில் ஓடிக்கொண்டிருந்தால், நிறுத்திய லைனிலும் தூண்டலால் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் நிற்கும். எர்த் பிளேடு கான்டாக்டை நெருங்கும்போது சடசடவென்று பொறி பறப்பது அதனால்தான். எதிர்முனையில் தவறிப்போய் யாராவது லைனைச் சார்ஜ் செய்தாலும் மின்சாரம் எர்த் வழியே பாய்ந்து அங்கே பிரேக்கர் டிரிப் ஆகிவிடும்.

நான் ஷிப்ட் ஆபரேட்டர். ஒரு பராமரிப்பு நாளில் எல்.சி. (லைனில் வேலை செய்யலாம் என்ற எழுத்து அனுமதி) கேட்டுப் போன் மேல் போன். எர்த் சுவிட்ச் போட்டாயிற்று. பேனலிலும் மெக்கானிசம் பெட்டியிலும் 'குளோஸ்' காட்டியது. நான் யார்டுக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். மூன்று பேஸ் கம்பிகளுக்கும் ஆளுக்கொரு பிளேடு. சிவப்பு, மஞ்சள் பேஸ் பிளேடுகள் கான்டாக்டில் நன்றாக உட்கார்ந்திருந்தன. நீலம் ஒரு சாண் தள்ளியே நின்றது! இணைப்புக் குழாயின் கிளாம்ப் நழுவியிருக்கிறது. இன்டிகேட்டருக்குத் தெரிவது ஷாஃப்ட் திரும்பியது மட்டும்தான்.

"கையெழுத்துப் போடுங்க, மேலேருந்து கேக்கறாங்க" என்றார் அதிகாரி.

"மூணு பிளேடும் உக்காராம எல்.சி. தர மாட்டேன் சார்."

அவருக்குக் கோபம்தான். நீல பேஸைத் தரையோடு சேர்க்க டிஸ்சார்ஜ் ராடு மாட்டி, கிளாம்பை இறுக்கி, மூன்றும் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன்.

'ஜி.ஐ.எஸ்.ஸில் (எல்லாம் வாயு நிரப்பிய உலோக உறைக்குள் இருக்கும் நிலையத்தில்) பிளேடு கண்ணுக்கே தெரியாதே' என்று யாராவது கிளம்புவார்கள். சரி, அங்கே பார்வைக் கண்ணாடி இருந்தால் அதில் பாருங்கள்; நான் திறந்தவெளி யார்டைச் சொல்கிறேன். ஸ்டேஷனில் எர்த் போட்டதால் வேலை நடக்கும் இடத்தில் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. அங்கே இரு பக்கமும் லோக்கல் எர்த் கட்டாயம். முதலில் எர்த் முனை, அப்புறம் கம்பி, கழற்றும்போது தலைகீழ்.

அன்று டவர் ஏறியவர்களில் பலர் ஒப்பந்த ஆட்கள். ரிஜிஸ்டரில் எல்.சி. வாங்கியவர் பெயர்தான் இருக்கும். ஏறியவர் பெயர் எங்கேயும் இருக்காது. வருடக்கணக்கில் டவர் ஏறுகிறவருக்கு ஒரு நல்ல பெல்ட் கேட்டால், கான்ட்ராக்டரைக் கேள் என்கிறார்கள். கான்ட்ராக்டரோ அடுத்த பில் பாஸாகட்டும் என்கிறார். இதை எந்த மீட்டிங்கில் எழுப்பினாலும் மினிட்ஸில் ஏறுவதில்லை.