டி.யு.ஐ. இருக்கிறது, ட்ரக் வேலை கிடைக்குமா?

அமெரிக்காவில் ட்ரக் ஓட்டும், ஓட்ட நினைக்கும் வாசகர்களிடமிருந்து குடித்துவிட்டு ஓட்டிய வழக்கை (டி.யு.ஐ.) பற்றி வந்த கேள்விகளில் நான்கை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: இரண்டு வருடங்களுக்கு முன், சொந்தக் காரில் குடித்துவிட்டு ஓட்டியதாக நியூ ஜெர்சியில் பிடிபட்டேன். அபராதம் கட்டி, காரில் இன்டர்லாக் (மூச்சில் மது இருந்தால் வண்டியைக் கிளப்ப விடாத கருவி) மாட்டி, எல்லாம் முடித்துவிட்டேன். கிரிமினல் பேக்கிரவுண்டில் ஒன்றும் வரவில்லை. இப்போது சி.டி.எல். (பெரிய ட்ரக் ஓட்டும் கமர்ஷியல் லைசென்ஸ்) எடுக்க ஒரு ட்ரெய்னிங் ஸ்கூலில் விசாரித்தேன். 'வேலை நிச்சயம்' என்கிறார்கள். நம்பிப் பணம் கட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். சி.டி.எல். கிடைப்பது வேறு, வேலை கிடைப்பது வேறு. ஸ்கூலுக்கு முதலாவது போதும்.

சட்டம் உங்களைத் தடுக்கவில்லை. டி.யு.ஐ.க்காக ஓராண்டு சி.டி.எல்.லைப் பறிக்கும் ஃபெடரல் விதி, சம்பவத்தன்று சி.டி.எல்.லோ அதன் பெர்மிட்டோ வைத்திருந்தவர்களுக்கானது. உங்களிடம் அப்போது அது இல்லை. கார் லைசென்ஸ் இன்று சுத்தமாக இருந்தால் தேர்வு எழுதலாம்.

தடுக்கப்போவது இன்ஷூரன்ஸ். மாநிலம் தாண்டி வாடகைக்குச் சரக்கு ஏற்றும் பெரிய வண்டிக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச லயபிலிட்டி (அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான இன்ஷூரன்ஸ்) 7,50,000 டாலர். லோடு தரும் புரோக்கர்கள் பெரும்பாலும் 10 லட்சம் டாலர் கேட்பார்கள். அவ்வளவு தொகைக்குப் பொறுப்பேற்கிறவன் ஓட்டுநர் யார் என்று பார்க்கத்தானே செய்வான்? பத்து வண்டி வைத்திருக்கும் முதலாளிக்கு உங்களைப் பிடித்திருந்தாலும் உங்கள் பெயரையும் லைசென்ஸ் நம்பரையும் இன்ஷூரன்ஸுக்கு அனுப்ப வேண்டும். அங்கே 'வேண்டாம்' என்றால் அத்தோடு சரி. பெரிய கம்பெனிகள் தாங்களே ஒரு கணக்கு வைத்திருக்கின்றன: சிலர் 3 ஆண்டு போதும் என்பார்கள், பலர் 5, சிலர் 7 அல்லது 10. அந்தக் கணக்கு பிடிபட்ட நாளிலிருந்தா, தீர்ப்பு நாளிலிருந்தா என்பதையும் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஏழெட்டு மாதம் இருக்கலாம்.

கிரிமினல் பேக்கிரவுண்ட் சுத்தமாக இருப்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். நியூ ஜெர்சியில் இது கிரிமினல் குற்றமே இல்லை, போக்குவரத்துக் குற்றம். அதனால்தான் அங்கே வரவில்லை. ட்ரக் கம்பெனி முதலில் இழுப்பது எம்.வி.ஆர்., அதாவது உங்கள் ஓட்டுநர் பதிவு. அதில் பளிச்சென்று இருக்கும். எவ்வளவு காலம் இருக்கும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: கலிஃபோர்னியாவில் 10 ஆண்டு, ஃபுளோரிடாவில் 75 ஆண்டு. வேறு மாநிலங்களில் கோர்ட் மூலம் வழக்கை மூடி மறைத்தவர்களுக்கும் இதே கதிதான். கோர்ட் பதிவும் மோட்டார் வாகனத் துறைப் பதிவும் தனித்தனி.

ஆகவே முதல் வேலை, உங்கள் டிரைவர் அப்ஸ்ட்ராக்டை (வாகனத் துறை தரும் ஓட்டுநர் பதிவின் நகல்) நீங்களே வாங்கிப் பார்ப்பது. சஸ்பென்ஷன் முடிந்த தேதி மட்டும் போதாது, லைசென்ஸ் மீட்கப்பட்ட தேதியும் இருக்க வேண்டும். கோர்ட்டில் எல்லாம் கட்டிவிட்டோம் என்று நினைத்து, வாகனத் துறைக்குக் கட்ட வேண்டிய 100 டாலர் ரெஸ்டொரேஷன் கட்டணத்தை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தேதி தாண்டினாலும் அவர்கள் லைசென்ஸ் சஸ்பென்ஷனிலேயே கிடக்கும். இன்டர்லாக் குறிப்பு எடுக்கப்பட்டுவிட்டதா என்பதையும் பாருங்கள். அது இருக்கும்வரை எந்த ரெக்ரூட்டரும் பேச மாட்டார்.

அடுத்து, ஸ்கூலுக்குப் பணம் கட்டும் முன்பே குறைந்தது பத்து கம்பெனிகளுக்குப் பேசுங்கள். ரெக்ரூட்டர் 'வாங்க பார்த்துக்கலாம்' என்பார், அவருக்கு ஆள் கணக்கு வேண்டும். முடிவு செய்வது சேஃப்டி டிபார்ட்மென்ட். அவர்களிடம் சுருக்கமாகச் சொல்லுங்கள்: எந்த மாதம், எந்த ஆண்டு, சொந்தக் கார், ஒரே தடவை, விபத்து உண்டா இல்லையா, லைசென்ஸ் மீண்ட தேதி. பேசியதை அன்றே இமெயிலில் எழுதி அனுப்புங்கள். அதன் பிறகு வரும் ப்ரீ-ஹையர் லெட்டருக்கு (சி.டி.எல். எடுத்ததும் சேர்த்துக்கொள்வதாகக் கம்பெனி முன்கூட்டியே தரும் கடிதம்) மதிப்பு உண்டு. டி.யு.ஐ. தெரியாமல் கொடுத்த லெட்டர், ஓரியன்டேஷனில் எம்.வி.ஆர். வந்ததும் கிழியும். பாதி வழியில் பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் இந்த வகைதான். ஒன்றிரண்டு லெட்டர் கையில் வந்தபின் ஸ்கூலில் சேருங்கள். அந்த ஸ்கூல் ஃபெடரல் ட்ரெய்னிங் ப்ரொவைடர் பட்டியலில் இருக்க வேண்டும். 2022 பிப்ரவரி 7 முதல், பட்டியலில் இல்லாத இடத்தில் படித்தால் ஓட்டும் தேர்வுக்கே விட மாட்டார்கள்.

விண்ணப்பத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. விபத்துகளையும் போக்குவரத்துத் தண்டனைகளையும் கேட்கும் கேள்விகள் கடந்த 3 ஆண்டுக்கானவை. அதே தாளில், லைசென்ஸ் எப்போதாவது மறுக்கப்பட்டதா, சஸ்பெண்ட் ஆனதா, ரத்தானதா என்று ஒரு கேள்வி வரும். அதற்குக் கால வரம்பே கிடையாது. மூன்று வருடம் தாண்டிவிட்டது என்று அதிலும் 'இல்லை' போட்டால் அது பொய் விண்ணப்பம். டி.யு.ஐ.யை ஒத்துக்கொண்டு வேலை கொடுக்கத் தயாராக இருக்கும் கம்பெனிகூட பொய்க்காக வெளியே அனுப்பும். பழைய வேலை விவரங்கள் சேரும் டாக் ரிப்போர்ட்டிலும் அது ஏறினால், அடுத்த கம்பெனியும் படிக்கும்.

இடைக்காலத்துக்கு 26,001 பவுண்டுக்குக் குறைவான பாக்ஸ் ட்ரக்குகள் உண்டு, அவற்றுக்கு சி.டி.எல். வேண்டாம். 10,001 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள வண்டியில் மாநிலம் தாண்டினால் மெடிக்கல் கார்டு மட்டும் வேண்டும். சி.டி.எல். எடுத்தபின் என்றால் டம்ப் ட்ரக், ரெடிமிக்ஸ், அறுவடைக் கால லாரிகள். உள்ளூர் முதலாளிகளிடம் நேரில் போய்ப் பேசினால் இவை திறக்கும்.

கேள்வி: எனக்கு ஆறு வருட சி.டி.எல். உண்டு. டெக்சஸில் ஞாயிற்றுக்கிழமை என் சொந்தக் காரில் பிடிபட்டேன், வழக்கு நடக்கிறது. ட்ரக்கில் இல்லையே, கமர்ஷியல் லைசென்ஸ் ஏன் போக வேண்டும்? வேலைக்குப் போக மட்டும் ஆக்குபேஷனல் லைசென்ஸ் தருவார்களாமே?

பதில்: தருவார்கள், கார் ஓட்ட. அதை வைத்து சி.டி.எல். வண்டியைத் தொட முடியாது. சி.டி.எல். பறிக்கப்பட்ட காலத்தில் ட்ரக் ஓட்டத் தற்காலிக லைசென்ஸ் எதையும் மாநிலங்கள் தரக் கூடாது என்பது ஃபெடரல் விதி.

சி.டி.எல். வைத்திருப்பவருக்குக் கார், ட்ரக் பேதம் கிடையாது. முதல் தண்டனைக்கு ஓராண்டு. சோதனைக்கு மறுத்தாலும் அதே ஓராண்டு. அபாயச் சரக்குப் பலகை மாட்டிய ட்ரக்கில் பிடிபட்டிருந்தால் 3 ஆண்டு. இரண்டாவது தடவை ஆயுள் தடை. 10 ஆண்டுக்குப் பின், மாநிலம் ஏற்கும் மறுவாழ்வுத் திட்டத்தை முடித்தவர்களுக்கு மட்டும் மாநிலம் விரும்பினால் திருப்பித் தரலாம். பேதம் இருப்பது ரத்தத்தில் மதுவின் அளவில்: ட்ரக்கில் 0.04 சதவீதம் போதும், காரில் பெரும்பாலான மாநிலங்களில் 0.08.

வழக்கு இன்னும் முடியவில்லை என்பதால் வக்கீலை நன்றாகப் பாருங்கள். சாதாரண டி.யு.ஐ. வக்கீல் கார் லைசென்ஸைக் காப்பாற்றுவதை மனதில் வைத்துப் பேரம் பேசுவார். வகுப்புக்குப் போனால் பதிவில் ஏறாது என்ற ஏற்பாடுகள் சி.டி.எல். காரர்களுக்குச் செல்லாது. சி.டி.எல். வழக்குகள் எடுப்பவரிடம் போங்கள்.

தண்டனை விதிக்கப்பட்டால் 30 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனால் மறு வேலை நாள் முடிவதற்குள். ஓட்டாத ஓராண்டில் டிஸ்பாட்ச் (வண்டிகளுக்கு லோடு ஒதுக்கும் வேலை), கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை கேட்டுப் பாருங்கள். பொதுச் சாலையே தொடாத மூடிய யார்டில் டிரெய்லர் நகர்த்தும் வேலைக்கும் சி.டி.எல். சட்டப்படி தேவையில்லை, அங்கேயும் இன்ஷூரன்ஸ் ஒத்துக்கொள்ள வேண்டும். எஸ்.ஆர்.-22 (உங்களுக்கு இன்ஷூரன்ஸ் இருப்பதாக இன்ஷூரன்ஸ் கம்பெனி மாநிலத்துக்குத் தரும் சான்று) கேட்டிருந்தால் அந்த பாலிசியை ஒரு நாள்கூட விடாதீர்கள். விட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனியே மாநிலத்துக்குச் சொல்லிவிடும், லைசென்ஸ் மறுபடி சஸ்பெண்ட்.

கேள்வி: ரேண்டம் ஆல்கஹால் டெஸ்டில் 0.05 வந்து வேலை போனது. எஸ்.ஏ.பி. (மது, போதைப் பழக்கத்தை மதிப்பிடும் நிபுணர்) சொன்ன வகுப்பு, சிகிச்சை எல்லாம் முடித்தாயிற்று. கிளியரிங்ஹவுஸில் (ஓட்டுநர்களின் மது, போதை மீறல்களைப் பதியும் ஃபெடரல் தளம்) இன்னும் 'ப்ரொஹிபிட்டட்' (ஓட்டத் தடை) என்றே காட்டுகிறது. என் செலவில் டெஸ்ட் எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்தாலும் கணக்கில் வராது. ரிட்டர்ன்-டு-டியூட்டி (ஆர்.டி.டி., வேலைக்குத் திரும்பும் முன் எடுக்கும்) டெஸ்டுக்கு உங்களை அனுப்ப வேண்டியது வேலைக்கு எடுக்கப்போகும் கம்பெனி. பலர் மாதக்கணக்கில் நிற்பது இந்த இடத்தில்தான்: டெஸ்ட் முடியாமல் வேலை இல்லை, வேலை தருகிறவர் இல்லாமல் டெஸ்ட் இல்லை. கம்பெனிகளுக்குப் பேசும்போது எடுத்த எடுப்பில் "எஸ்.ஏ.பி. முடிந்தது, ஆர்.டி.டி. டெஸ்டுக்கு அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள். அப்படிப்பட்டவர்களை எடுக்கும் சிறு கம்பெனிகள் உண்டு. சொந்த அத்தாரிட்டி (தன் பெயரிலேயே சரக்கு ஏற்ற ஃபெடரல் அனுமதி) வைத்திருப்பவரானால் அவர் சேர்ந்திருக்கும் டெஸ்டிங் கன்சார்ஷியம் (டெஸ்டுகளை ஏற்பாடு செய்யும் அமைப்பு) அனுப்பும்.

டெஸ்டில் 0.02-க்குக் கீழே வந்தால் 'ப்ரொஹிபிட்டட்' போகும். 2024 நவம்பர் 18 முதல் அந்த நிலையில் இருப்பவர்களின் சி.டி.எல்.லை மாநிலமே சாதாரண லைசென்ஸாக இறக்குகிறது. உங்களுடையதும் இறங்கியிருந்தால் மாநில அலுவலகத்தில் மீட்க வேண்டும். அதன் பின் முதல் 12 மாதத்தில் குறைந்தது 6 முன்னறிவிப்பில்லாத டெஸ்ட். எஸ்.ஏ.பி. நினைத்தால் மொத்தம் 60 மாதம்வரை நீட்டலாம். கம்பெனி மாறினாலும் அந்தத் திட்டம் கூடவே வரும். பதிவு 5 ஆண்டு, அல்லது இந்த டெஸ்டுகள் முடியும்வரை, எது பிந்தியதோ அதுவரை நிற்கும்.

கேள்வி: மிச்சிகனில் ஒரு கம்பெனி எடுக்கத் தயார். கனடா லோடும் உண்டு என்கிறார்கள். எனக்கு 2021-இல் ஒரு டி.யு.ஐ. தண்டனை. சிக்கல் வருமா?

பதில்: வரும். 2018 டிசம்பர் முதல் கனடா இதைக் கடுமையான குற்றமாக வகைப்படுத்துகிறது. எல்லையில் லோடோடு திருப்பி அனுப்பலாம். தண்டனையின் எல்லாப் பகுதியும், ப்ரொபேஷன் உட்பட, முடிந்து 5 ஆண்டு ஆனபின் அந்த நாட்டிடம் ரிஹாபிலிடேஷனுக்கு (பழைய தண்டனை இனி நுழைவைத் தடுக்காது என்ற அனுமதி) விண்ணப்பிக்கலாம். அதுவரை அமெரிக்காவுக்குள் மட்டும் ஓடும் லேன் (வழித்தடம்) தரச் சொல்லுங்கள். தருவதாக ஒப்புக்கொண்டால், டிஸ்பாட்ச் மாறும்போது மறந்துவிடாதபடி ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்குங்கள்.