இரண்டு இரவுக்குத் திருகோணமலை: நிலாவெளி அறையா, டவுன் அறையா?

வாகனமில்லாமல் கோணேஸ்வரம் பார்க்கத்தான் வாறீங்கள் என்றால் நிலாவெளி அறையை விடுங்கள், டவுனுக்குள் எடுங்கள். 'திருகோணமலை' என்று போட்டும் வரைபடம் நிலாவெளி அறையை டவுனிலிருந்து 15 கிலோமீற்றர் தள்ளிக் காட்டுவது பிழையல்ல. முன்பதிவுத் தளங்கள் உப்புவெளி, நிலாவெளி எல்லாவற்றையும் அந்த ஒரே பெயரில்தான் அடுக்கும்.

காசு கட்ட முதல், விடுதியிலிருந்து பிரெட்றிக் கோட்டை வாசலுக்கு நடைதூரம் பாருங்கள்; கோணேஸ்வரம் கோயில் அந்தக் கோட்டைக்குள்தான். ஒன்றரைக் கிலோமீற்றருக்குள் என்றால் நல்லது; வாசலுக்குப் பிறகும் கோயிலுக்கு ஏற்றம் இருக்கிறது.

இரவு ரயிலென்றால் விடியவே இறங்குவீர்கள், அறையோ பெரும்பாலும் பகல் 2 மணிக்குத்தான். பையை வைக்க விடுவார்களா என்று முதலே கேளுங்கள். விலைக்குப் பக்கத்தில் '++' இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் மேலதிகம் (இதில்தான் கனபேர் ஏமாறுவது).

நிலாவெளிக் கடலிலுள்ள சின்னத் தீவான புறாத்தீவுதான் முக்கியமென்றால் மட்டும் நிலாவெளியே சரி. படகு பெரும்பாலும் அங்கிருந்துதான்.